முட்டையில் நின்ற முள்

மலைக்கு அந்தப் பக்கம் மழை பெய்தால் இந்தப் பக்கம் வெறும் காற்று மட்டும் வந்து சேர்கிற வெட்டுப்பாறை என்ற ஊரில், ஏலக்காய் வாசம் ஏறாத சட்டையும் கிடையாது, சௌந்தரபாண்டியின் படகில் ஏறாத மாப்பிள்ளையும் கிடையாது. படகு என்றால் தண்ணீரில் போவதல்ல. எந்தக் காலத்திலோ ஒரு எஸ்டேட் துரை கப்பலில் வரவழைத்து ஆசைதீர ஓட்டி, ஊரைவிட்டுப் போகும்போது கைமாற்றிவிட்டுப் போன அமெரிக்கக் கார் அது. தெருமுனையில் திரும்பும்போது அதன் மூக்கு பிள்ளையார் கோவிலைத் தாண்டியிருக்கும், வால் இன்னும் ரேஷன் கடை வரிசையில்தான் நிற்கும். மூக்கில் பதித்திருந்த கம்பெனி எழுத்துகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோய், இது என்ன வண்டி என்று கேட்டால் சொல்ல ஆளில்லாமல் போனதால் படகு என்ற பெயரே நிலைத்துவிட்டது. கூரையை மடக்கிவிட்டால் மாப்பிள்ளை அழைப்புக்கென்றே செய்த வண்டி. ஓட்டுவது சௌந்தரபாண்டி. பூக் கட்டி அலங்காரம் செய்வது அவர் மனைவி நாகரத்தினம்.

நாகரத்தினத்துக்கு வாய் கொஞ்சம், கண் அதிகம். சௌந்தரபாண்டிக்கு வாயும் கண்ணும் சேர்ந்து அந்த வண்டிதான். ஊரில் பாதிப் பேரைச் சோடி சேர்த்து ஊர்வலம் விட்டவர், தன் மனைவியை முன் சீட்டில் உட்காரவைத்து ஒரு தெரு ஓட்டியது கிடையாது. அவளும் கேட்டது கிடையாது. பூக்கூடையோடு பின் சீட்டில் ஏறி, பூக்கூடையோடு இறங்கிவிடுவாள்.

ஒரு வைகாசி முகூர்த்தத்தில், நாதஸ்வரம் முன்னால் போக, பெட்ரோமாக்ஸ்காரர்கள் இரு பக்கமும் நடக்க, படகு கடைவீதியில் மிதந்துகொண்டிருந்தபோது டேஷ்போர்டின் உள்ளேயிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது. சாம்பிராணி போடுகிறார்கள் என்று நினைத்து மாப்பிள்ளை கண்ணை மூடிக் கும்பிட்டான். கும்பிட்ட கையில் சுட்ட பிறகுதான் மாலையும் கழுத்துமாகக் குதித்து ஓடினான். பெண் வீட்டார் அன்றைக்கு மாப்பிள்ளையை மாட்டுவண்டியில் அழைத்துப் போனார்கள். சௌந்தரபாண்டி கடைவீதி நடுவில், ஈரச் சாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, பெற்ற பிள்ளைக்கு வலிப்பு வந்தவர் மாதிரி நின்றார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேட்டரி சார்ஜ் போடும் இன்னாசிதான் ஊரில் வண்டி வயரிங் பார்க்கிறவன். அவன் டேஷ்போர்டுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, கருகிப்போன இரண்டு கம்பிகளை வெளியே இழுத்துக் காட்டினான்.

"அம்மீட்டர்ண்ணே. வண்டியோட மொத்தக் கரண்டும் இது வயித்து வழியாத்தான் போயாகணும். வீட்டு நடையில கட்டிலப் போட்டு உக்காந்திருக்குற மாமியா மாதிரி. உப்பு வந்தாலும் அந்தம்மா கைதான், புளி போனாலும் அந்தம்மா கைதான். வயசாகி அந்தக் கை நடுங்குனா வீடு பத்திக்கிரும்ல? அதான் பத்திக்கிருச்சு."

"அதுக்கு என்ன செய்யச் சொல்ற?" என்றார் சௌந்தரபாண்டி.

"கழட்டிட்டு வோல்ட்மீட்டர் போட்டுருவோம். அது பக்கத்து வீட்டுக்காரி மாதிரி. எதுலயும் கைய வைக்காது. ரெண்டு பக்கமும் லேசாத் தொட்டுக்கிட்டு ஓரமா நின்னு எட்டிப் பாக்கும், அவ்வளவுதான். தீப் பிடிக்கிற சோலியே இல்ல."

"எட்டிப் பாத்து என்னத்தச் சொல்லும்?" என்று கேட்டாள் நாகரத்தினம்.

"எவ்வளவு போகுது, எவ்வளவு வருதுன்னு சொல்லாது மதினி. அது அம்மீட்டர் சோலி. இது உள்ள எவ்வளவு இருக்குன்னு மட்டும் சொல்லும்."

சௌந்தரபாண்டிக்கு அதெல்லாம் பெரிதில்லை. வண்டியின் முகம் மாறக்கூடாது என்பதுதான் அவருடைய ஒரே கவலை. போட்டோ எடுக்கிறவர்கள் வருவார்கள், பழைய கார் பிரியர்கள் கோயம்புத்தூரிலிருந்தெல்லாம் வந்து பார்ப்பார்கள், அந்த வட்டத்தில் புதுசாக ஒரு எழுத்து இருந்தால்கூட மானம் போய்விடும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். இன்னாசியும் பொறுமைசாலி. பழைய மீட்டரின் முகத்தகட்டை, நடுவில் சைபரும் வலது கோடியில் கூட்டல் முப்பதும் இடது கோடியில் கழித்தல் முப்பதும் எழுதிய அந்தப் பழுப்பேறிய தகட்டை, அலுங்காமல் பெயர்த்து எடுத்துப் புது வோல்ட்மீட்டரின் முள்ளுக்குப் பின்னால் ஒட்டிவைத்தான். வெளியிலிருந்து பார்த்தால் பெற்ற தாய்க்கும் வித்தியாசம் தெரியாது.

"முள்ளு நடுவுல நின்னா நல்லதுண்ணே" என்றான் இன்னாசி, திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டே.

"பழசுலயும் நடுவுல நின்னா நல்லதுதான்டா. எனக்கே நடுவச் சொல்லித் தர்றியா?" என்று சொல்லிவிட்டு சௌந்தரபாண்டி டேஷ்போர்டைத் துடைக்கக் குனிந்துவிட்டார்.

ஆடி வந்தது. ஆடியில் கல்யாணம் இல்லை, படகுக்கு வேலை இல்லை. பேட்டரியைக் கழற்றி இன்னாசி கடையில் கொடுத்துவிட்டு, வண்டியைத் தகரக் கொட்டகைக்குள் ஏற்றி நிறுத்தினார்கள். நாகரத்தினத்தின் தங்கை மகனுக்கு ஆனியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. ஆடி பிறந்ததும் ஊர் வழக்கப்படி பொண்ணைப் பிரித்து அடுத்த தெருவில் இருந்த பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். ஒரு மத்தியானம் சீட் உறையை உலர்த்தி எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போன நாகரத்தினம், முதலில் பார்த்தது முள்ளைத்தான். இடது கோடியில் படுத்துக்கிடக்க வேண்டிய முள், வலது கோடியில் போய்க் கண்ணாடியை இடித்துக்கொண்டு நடுநடுங்கி நின்றது. இரண்டாவதாகத்தான் சாவியைத் திருப்பிவைத்துவிட்டு முன் சீட்டில் குனிந்து ஒளிந்துகொண்டிருந்த புதுச்சோடியைப் பார்த்தாள். அவர்கள் வெட்கப்பட்டு இரண்டு கதவு வழியாகவும் இறங்கி ஓடினார்கள். அவர்கள் இறங்கிய மாத்திரத்தில் முள் பொத்தென்று இடது பக்கம் விழுந்தது.

அவள் மூடியைத் திறந்து பேட்டரி இருக்கும் இடத்தைப் பார்த்தாள். அங்கே ஒரு பல்லி மட்டும் இருந்தது.

சாயங்காலம் காபி கொடுக்கும்போது புருஷனிடம் சொன்னாள். சௌந்தரபாண்டி காபியை ஆற்றிக் குடித்து முடித்துவிட்டு, "பேட்டரியே இல்லாம முள்ளு ஏறுதுன்னா, இன்னாசி நல்ல மீட்டராத்தான் போட்டுருக்கான்" என்றார். அதற்குமேல் அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் ஆச்சரியப்படவில்லை.

ஊரும் ஆச்சரியத்தில் நேரத்தை வீணாக்கவில்லை. வெட்டுப்பாறைக்காரர்கள் எது கிடைத்தாலும் முதலில் அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்றுதான் பார்ப்பார்கள். ஆடி பதினெட்டுக்குள் விஷயம் சந்தை வரைக்கும் போய், சந்தையிலிருந்து எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கிற லயம் வரைக்கும் ஏறி, லயத்திலிருந்து ஜீப்பில் இறங்கி மறுபடி கொட்டகை வாசலுக்கே வந்து நின்றது. முன் சீட்டில் இரண்டு பேர் உட்கார வேண்டும், சாவியைத் திருப்ப வேண்டும், அந்த இரண்டு பேருக்கும் நடுவில் என்ன இருக்கிறதோ அதை முள் சொல்லிவிடும். ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தவர்கள் எல்லாம் சாதகம் பார்த்து, கோவிலில் பூ வாக்குக் கேட்டு, மூன்றாவதாக முள்ளும் பார்த்தார்கள். "பொண்ணு பாத்தாச்சா?" என்று கேட்ட ஊர், "முள்ளு பாத்தாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தது. அண்ணன் தம்பிகள் பாகம் பிரிப்பதற்கு முன் வந்து உட்கார்ந்தார்கள், ஏலக்காய்த் தரகர்கள் கூட்டுச் சேர்வதற்கு முன் வந்து உட்கார்ந்தார்கள், வார்டு எலெக்சனில் எதிரெதிராக நின்ற இரண்டு பேர் வந்து உட்கார்ந்து, முள் எழுந்திருக்கவே எழுந்திருக்காமல் கழித்தல் முப்பதில் கிடந்ததைப் பார்த்து இருவருமே பெருமையோடு இறங்கிப் போனார்கள். மாதா கோவில் பாதர் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் இது வீண் வேலை என்று கண்டித்துவிட்டு, திங்கட்கிழமை உபதேசியாரைக் கூட்டிக்கொண்டு 'சும்மா பார்த்துவிட்டுப் போக' வந்தார். ஆண்டிச்சி என்பவள் தன் வெள்ளாட்டைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்ததில் கூட்டல் பன்னிரண்டு வந்தது. அவள் மகன் அன்றிலிருந்து ஆட்டோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான்.

முள்ளைப் படித்துச் சொல்கிற வேலை நாகரத்தினத்துக்கு வந்து சேர்ந்தது. வண்டிக்காரர் மனைவி, கண் கூர்மை, அளந்து பேசுகிறவள், வேறு யார் சொன்னாலும் ஊர் நம்பியிருக்காது. வலது பக்கம் போனால் "ஏறுமுகம்" என்பாள். இடது பக்கம் கிடந்தால் "இறங்குமுகம்" என்பாள். நடுவில் சைபரில் நின்றுவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டாள், கையை விரிப்பாள். ஊர் அதற்கு முட்டை என்று பெயர் வைத்தது. பகைகூடப் பரவாயில்லை, பகையிலாவது ஒரு ஒட்டுதல் இருக்கிறது, முட்டைதான் மோசம் என்று பேசிக்கொண்டார்கள். முட்டை என்றால் நடுவில் ஒன்றுமே இல்லை, காற்றுகூட இல்லை.

முப்பதைத் தொட்ட சோடிகளுக்கு ஃபிளெக்ஸ் போர்டு வைத்தார்கள். வைத்த பசை காய்வதற்குள் அந்தச் சோடிகள் மிக்ஸியைத் தூக்கிக் கிணற்றில் போடுகிற அளவுக்குச் சண்டை போட்டன. முதலில் வந்த ஆடிச் சோடியே ஆவணியில் ஒன்று சேர்ந்த மறுவாரம் தட்டு பறக்கத் தனித்தனியாகப் படுத்தது. கண்ணு பட்டுவிட்டது என்று ஊர் பூசணிக்காய் உடைத்தது. கடைவீதியில் பல காலமாகச் சேர்ந்து டீக்கடை நடத்திய தவமணியும் கோட்டைச்சாமியும் விளையாட்டாக வந்து உட்கார்ந்து முட்டை வாங்கி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இறங்கிப் போய், கடைக்கு நடுவில் தார்ப்பாய் கட்டினார்கள். அன்றிலிருந்து ஒரு பக்கம் டீ, ஒரு பக்கம் வடை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கிச் சுற்றிப் போய்த்தான் வடை வாங்க வேண்டும். ஏலக்காய்த் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை பார்க்கிற திலகவதிக்கும் ஜீப் ஓட்டுகிற முத்துக்காமுவுக்கும் பரிசம் போட நாள் குறித்திருந்தார்கள். அவர்களும் முட்டை. முத்துக்காமுவின் அப்பா தாம்பாளத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாகரத்தினம் கையை விரித்தபோது திலகவதி அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு நடந்தாள்.

யாரும் உட்காராதபோதும் முள் கழித்தல் முப்பதில்தான் கிடந்தது. ஆளில்லாத வண்டியில் என்ன பகை என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊர் ஒன்றை நம்பிவிட்டால் கேள்வி கேட்பதை மரியாதைக்குறைவாக நினைக்கும்.

இதற்கெல்லாம் நடுவில் ஒரு பேச்சு கிளம்பியது. குழாயடியில் கிளம்பி, பூக்கடையில் வளர்ந்து, கடைசியில் நாகரத்தினத்தின் காதுக்கே வந்தது. "ஊருக்கெல்லாம் முள்ளுப் பாத்துச் சொல்றியே மதினி, ஒங்க முள்ளு என்ன சொல்லுது?"

அவள் சிரித்துச் சமாளித்தாள். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. பூக் கட்டும்போதெல்லாம் அது நாரில் சிக்கிய முடிச்சு மாதிரி நின்றது. இவருக்கும் எனக்கும் நடுவில் என்ன இருக்கிறது? நல்ல மனுஷன். கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து "இந்தா" என்றுதான் கூப்பிடுகிறார். "இந்தா, தண்ணி." "இந்தா, சாவி எங்க?" வண்டிக்குத் தேய்க்கிற மெழுகில் காட்டுகிற பதவிசை அவள்மேல் காட்டிப் பார்த்ததில்லை. மகள் சுகந்தியைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்த பிறகு வீட்டில் இரண்டு பேர் இருக்கிற சத்தமே இல்லை. பிடித்திருக்கிறது என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"ஒருக்கா நாமளும் உக்காந்து பாப்பமா?" என்று கேட்டாள்.

"வண்டிக்காரன் சொந்த வண்டியில சவாரி போறதா? போ, வேலையப் பாரு" என்றார்.

அடுத்த தடவை கேட்டபோது மலையில் மேகம் கட்டுகிறது என்றார். அதற்கடுத்த தடவை இடுப்பு வலி என்றார். அவர் நழுவ நழுவ அவளுக்குப் பிடிவாதம் ஏறியது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்காகப் பேட்டரி திரும்பி வருவதற்கு முதல்நாள் அவள் கொட்டகைக்குப் போய், முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "நீங்க வந்து உக்காராம நான் எறங்கமாட்டேன்" என்றாள்.

சௌந்தரபாண்டி துடைக்கிற துணியை உதறி மடித்து, மறுபடி உதறி மடித்து, ஸ்டியரிங் பக்கம் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பிவிட்டுக் கண்ணை ரோட்டைப் பார்ப்பதுபோல் நேரே வைத்துக்கொண்டார். முள் எழுந்தது. யாருக்கும் அது அப்படி எழுந்து அவள் பார்த்ததில்லை. மற்றவர்களுக்குத் துடிக்கும், தாவும், விழும். இவர்களுக்கு மெதுவாக, அவசரமே இல்லாமல் எழுந்து, நேரே நடுவில் போய், ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. அவள் காத்திருந்தாள். ஒரு நூல் அசையவில்லை. முட்டை.

சத்தம் போட்டு அழ வேண்டும்போல இருந்தது அவளுக்கு. சுகந்தி பிறப்பதற்கு முன்னால் தவறிப்போன பிள்ளையை இரண்டு பேரும் சேர்ந்து மண்ணில் வைத்தது, அவருக்கு மஞ்சள்காமாலை வந்தபோது கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தது, ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் விடிய விடியப் பூக் கட்டியது, எல்லாம் சேர்ந்து ஒரு சைபர். பகை என்றாலும் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

"இம்புட்டு வருசமும் முட்டையாங்க?" என்றாள்.

சௌந்தரபாண்டி சாவியைத் திருப்பி எடுத்தார். "மீட்டரு புதுசு" என்றார் கடைசியில். இறங்கிப் போய் முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

மறுநாள் பேட்டரி வேண்டாம், பிறகு சொல்கிறேன் என்று இன்னாசிக்கு ஆள் சொல்லிவிட்டார் சௌந்தரபாண்டி. முதல் முகூர்த்தத்தை வாடகைக் கார் ஒன்று அடித்துக்கொண்டு போயிற்று. வீட்டில் சோறு வெந்தது, குழம்பு கொதித்தது, இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். சுகந்தி போனில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தனியாகத் திண்டாடுவதாக அழுதாள். நாகரத்தினம் டிரங்குப் பெட்டியை இறக்கிச் சேலைகளை அடுக்கினாள். இருந்த சேலை எல்லாவற்றையும் அடுக்கினாள்.

"எப்ப வருவ?" என்று வாசலில் நின்று கேட்டார்.

"வரணுமா?" என்றாள்.

பஸ் ஸ்டாண்டுக்குக் காரில் கொண்டுவந்து விடுகிறேன் என்று மட்டும் சொன்னார்.

புறப்படுகிற காலையில் இன்னாசி மொபெட்டில் பேட்டரியைக் கட்டிக்கொண்டு வந்தான். பெட்டியோடு கொட்டகை வாசலுக்கு வந்த நாகரத்தினம், அவன் தோள்பையிலிருந்து பழைய துணியில் சுற்றிய ஒன்றை எடுப்பதைப் பார்த்தாள். பிரித்தபோது அது கழற்றிப்போட்ட பழைய அம்மீட்டர். கருகிய முனைகளைத் தேய்த்து, புதுக் கம்பி வைத்துப் பற்றவைத்திருந்தது.

"இது எதுக்கு?" என்றாள்.

இன்னாசி சௌந்தரபாண்டியைப் பார்த்தான். சௌந்தரபாண்டி கொட்டகைத் தகரத்தைப் பார்த்தார்.

"அண்ணன் கேட்டாக மதினி" என்றான் இன்னாசி. "தெனமும் கடைக்கு வந்துருவாரு. பழசையே மாட்டிக் குடுடாம்பாரு. மறுபடி தீப் பிடிக்கும்ண்ணே, வண்டியே போயிரும்ண்ணேன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். எரிஞ்சா எரியட்டும்னுட்டாரு. எனக்கும் எம் பொண்டாட்டிக்கும் நடுவுல முட்டைய வச்சுக் காட்டுன மீட்டரு எனக்கு வேண்டாம், அது இருக்குற வண்டியில நான் ஏறமாட்டேன், அவ வேற ஊரைவிட்டுப் போறாள்னு எங் கடையில உக்காந்து அழுதாரு. பேட்டரிக்காரன் கடையில ஒரு மனுசன் அப்பிடி அழுது நான் பாத்ததில்ல."

நாகரத்தினத்துக்குக் கையில் இருந்த பெட்டி கனமாக இருந்தது. கீழே வைத்தாள். அந்த வண்டியின் மூக்கில் ஒரு கீறல் விழுந்ததற்கு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்த மனுஷன் அவர். அந்த வண்டி எரியட்டும் என்று சொல்லியிருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்க நினைத்தாள். அவர் அதைக் காட்டாமல் தகரத்தின் ஓட்டைகளை எண்ணுகிறவர் போல நின்றார்.

இன்னாசிக்குக் குடும்ப விஷயத்தில் நிற்பது எப்போதும் கூச்சம். பேட்டரி இருந்தால் அது கரண்டு, அதில் அவனுக்கு எல்லாம் தெரியும். பேட்டரி இல்லாதபோது அது மனுஷ விவகாரம், அதில் ஊர் சொல்வதுதான் அவனுக்கும். அதனால் பேச்சை மாற்ற, குனிந்து பேட்டரியை அதன் இடத்தில் வைத்து, இரண்டு முனையையும் முடுக்கி, சாவியைத் திருப்பி டேஷ்போர்டை எட்டிப் பார்த்துவிட்டு, தொழில்காரன் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னான்.

"பேட்டரி ஃபுல்லா இருக்குண்ணே. இந்தா, முள்ளு கரெக்டா நடுவுல நிக்குது பாருங்க."

நாகரத்தினம் பெட்டியைத் தாண்டி டேஷ்போர்டுப் பக்கம் வந்தாள். இன்னாசியின் வாய் திறந்தபடி நின்றது.

"என்ன சொன்ன?" என்றாள் நாகரத்தினம்.

"நடுவுல நிக்குதுன்னேன்."

"நடுவுல நின்னா?"

"ஃபுல்லு" என்றான் இன்னாசி. சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கியது. "வோல்ட்மீட்டர்ல மதினி... சைபரு இடது கோடில இருக்கு. ஒண்ணுமே இல்லைன்னா அங்கனதான் கெடக்கும். நடுவுதான் நல்ல பேட்டரி. நடுவத் தாண்டி வலது கோடிக்குப் போச்சுன்னா ஓவர் சார்ஜு, கொதிச்சு ஆசிட்ட வெளிய தள்ளிரும்..." அவனுக்குப் பறந்த தட்டுகளும் கிணற்றில் விழுந்த மிக்ஸியும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். தலையில் கையை வைத்துக்கொண்டு மொபெட் சீட்டில் உட்கார்ந்துவிட்டான். "தகடு பழசுல்ல மதினி. அண்ணன்தான் முகம் மாறக்கூடாதுன்னாரு. நானும் உங்களோட சேந்து எழுத்தத்தான் படிச்சிருக்கேன், முள்ளப் படிக்கல."

நாகரத்தினம் முதலில் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பாகி, கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாருக்கும் நிற்காத மாதிரி ஆணி அடித்து நின்ற முள் அவள் கண்ணுக்குள் நின்றது. மெதுவாக, அவசரமே இல்லாமல் எழுந்து வந்த முள். சௌந்தரபாண்டி ஒன்றும் புரியாமல், "என்னடா சொல்ற, என்னடா சொல்ற" என்று இன்னாசியின் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

செய்தி அவர்களுக்கு முன்னால் கடைவீதிக்குப் போய்விட்டது. தவமணி வடைச்சட்டியை இறக்கிவைத்துவிட்டுத் தார்ப்பாயை ஒரு பக்கமாக இழுக்க, கோட்டைச்சாமி மறுபக்கமாக இழுக்க, அது யார் பக்கம் கிழிய வேண்டும் என்று இருவருக்கும் ஒரு சின்னச் சண்டை வந்தது. முட்டை வாங்கியவர்கள் எல்லாம் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் மாதிரி தெருவில் நடந்தார்கள். முப்பது வாங்கியவர்களின் ஃபிளெக்ஸை இரவோடு இரவாக அவிழ்த்துக் கோழிக்கூட்டுக்குக் கூரை போட்டுக்கொள்ளலாம் என்று அவரவர் வீட்டில் முடிவாயிற்று.

படகு பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. ஏலக்காய்க் கொட்டகை வாசலில் நிறுத்தச் சொன்னாள் நாகரத்தினம். முறத்தோடு உட்கார்ந்திருந்த திலகவதியை வெளியே கூப்பிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னது தப்பு தாயி. ஒனக்கும் அவனுக்கும் நெறஞ்சு கெடக்கு. நான் வந்து முத்துக்காமு அப்பாகிட்டப் பேசுறேன்" என்றாள்.

திலகவதி முறத்தில் இருந்த கழிவுக்காய் ஒன்றைப் பொறுக்கி எறிந்தாள். "பேசுங்க அத்த, ஆனா அவசரமில்ல. நாங்க வாராவாரம் சந்தைக்குச் சேந்துதான போய்ட்டு வர்றோம்" என்றாள். "முட்டைன்னா என்ன? அவிச்சுத் தின்னுட்டுப் போவீகளா, அதுக்குப் போய் ஊரே ஒப்பாரி வைக்குது."

நாகரத்தினம் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். காருக்குத் திரும்பியவள், வழக்கம்போலப் பின்கதவுக்குப் போகாமல் முன்கதவைத் திறந்து ஏறினாள்.

"எங்க போகணும்?" என்றார் சௌந்தரபாண்டி.

"திருப்பூருக்குத்தான். பிள்ள தனியாத் திண்டாடுறா. நீங்களும் வந்து பேரன வச்சுக்கிட்டு இருங்க. அடுத்த முகூர்த்தத்துக்குச் சேந்து திரும்பிருவோம்."

மலையடிவாரத்து ரோட்டில் புளியமரங்களுக்கு நடுவே படகு போயிற்று. சௌந்தரபாண்டி வெகுதூரம் ஓட்டினார். வாயில் எதையோ வைத்துக்கொண்டு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தவிக்கிறவர் மாதிரி இருந்தார். திடீரென்று, ஓரங்கட்டக்கூட இல்லாமல், ரோட்டின் நடுவிலேயே நிறுத்தினார். இறங்கிப் போய் மூடியைத் தூக்கி, பேட்டரிக் கம்பியைக் கழற்றிவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

"நீ கேக்கும்போதெல்லாம் நான் ஏன் உக்காரலைன்னா" என்று ஆரம்பித்தார், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு. "முள்ளு எங்கயாச்சும் எக்குத்தப்பா ஏறி, கண்ணாடியத் தெறிச்சுக்கிட்டு வெளிய வந்துருமோன்னு பயம் நாகு. ஊரு சிரிக்கும்ல. இந்த வயசுல இவனுக்கு இம்புட்டான்னு."

அவர் வாயிலிருந்து தன் பெயரை அவள் முதல்முறையாகக் கேட்டாள். சாவியை அவளே எட்டித் திருப்பினாள். இருவரும் தலையைச் சேர்த்துக் குனிந்து பார்த்தார்கள். பேட்டரி இல்லாத அந்த வண்டியில் முள் எழுந்து, நிதானமாக வந்து, நடுவில் நின்றது. அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பின்னால் ஒரு டவுன் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் ஏலக்காய் லாரி ஒன்று, அதற்குப் பின்னால் ஜீப்புகள், எல்லாம் சேர்ந்து அடித்தன. பஸ் டிரைவர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கோபமாக இறங்கி வந்து கதவைத் தட்டினார்.

"என்ன பெரியம்மா, நடுரோட்டுல நிப்பாட்டிட்டீங்க? பேட்டரி இல்லையா?"

நாகரத்தினம் தலையை வெளியே நீட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஃபுல்லா இருக்குப்பா."